எட்டு வீட்டு வெந்நீர்த் திறப்பு விழா

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம், தலைக்கு நேர் மேலே தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டு, அதன் கீழே ஒட்டுத்துணி இல்லாமல் நின்று பாட்டுப் பாடுவதுதான். இந்தப் பெருமை எங்கள் பிரேசிலுக்கு உரியது. மற்ற நாட்டுக்காரர்கள் தண்ணீரையும் மின்சாரத்தையும் பிரித்து வைக்கிறார்கள். பயந்த சுபாவம், என்ன செய்வது! நாங்கள் இரண்டையும் ஷவர் என்கிற ஒரே பிளாஸ்டிக் கிண்ணத்தில் குடிவைத்து, அதன் கழுத்தில், கோடைக்கு இளஞ்சூடு, குளிர்காலத்துக்குக் கொதிசூடு என்று, 'கோடை', 'குளிர்' எழுதிய ஒரு திருகைப் பொருத்தி, குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். குழாயைத் தொட்டால் கொஞ்சம் சுரீர் என்னும். அதற்குத்தான் ரப்பர் செருப்பு. கிண்ணம் செய்கிறவர்கள் பச்சை நிறத்தில் எர்த் ஒயர் என்று ஒன்றும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதை எதில் மாட்டுவது என்று யாருக்கும் தெரியாததால், சுருட்டி ரிப்பன் மாதிரி முடிச்சுப் போட்டு விடுவோம். பார்க்க லட்சணமாக இருக்கும்.

கிண்ணத்துக்குள் சுருள்சுருளாக ஒரு கம்பி இருக்கிறது. அதுதான் மின்தடை. மின்சாரம் அதன் வழியே போகச் சிரமப்படுகிறது, சிரமத்தில் சூடாகிறது, அந்தச் சூட்டில் நாங்கள் குளிக்கிறோம். கம்பி அவ்வப்போது அறுந்து போகும். ஹார்ட்வேர் கடையில் ஆணிக்கும் பூட்டுக்கும் நடுவே பாக்கெட்டில் தொங்கும் புதுக் கம்பியை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இது சாதாரண ஆட்கள் செய்வது. பேராசிரியர் எவிலாசியோ சாதாரண ஆள் இல்லை.

லாஜெஸ் நகரத்தில், ஜூலை மாதக் குளிரில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற மேட்டுத் தெருவில், 'பேலா அவுரோரா' என்கிற நான்கு மாடிக் கட்டிடம் இருக்கிறது. எட்டு வீடு. அதற்கு மூன்றாவது முறையாக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அவர். அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் நாட்டில் பள்ளிக்கூட வாத்தியாரையும் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஓம் விதியைச் சுமார் ஆறாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் பல்பு மாற்றுவது மட்டும் அவர் மனைவி ஜுரேமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜுரேமா தலையில் சோப்பு நுரையோடு கத்தினாள்.

"எவிலாசியோ! தண்ணி ஐஸ் மாதிரி வருது! கம்பி போச்சு!"

"கடை இன்னைக்கு லீவு. நாளைக்கு வாங்கிக்கலாம்."

"நாளைக்கு வரைக்கும் நான் நுரையோட நிக்கவா? முப்பது வருஷமா கரண்டைப் பத்திப் பாடம் எடுத்தீங்களே, இறங்கி ஏதாவது செய்யுங்க!"

பேராசிரியர் முக்காலி போட்டு ஏறினார். கிண்ணத்தைத் திறந்தார். சுருள்கம்பி ஓரத்தில் அறுந்திருந்தது. அறுந்த நுனியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துப் பழைய கொக்கியிலேயே மாட்டினார். எங்கள் நாட்டில் இதை எல்லா வீட்டிலும் செய்வார்கள். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே செய்வார்கள். பேராசிரியர் கணக்குப் போட்டுச் செய்தார். முகம் பார்க்கும் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் எழுதினார்: மின்னழுத்தம் இருநூற்றிருபது வோல்ட். மின்தடை பதினொரு ஓம். ஆகவே மின்னோட்டம் இருபது ஆம்பியர். இப்போது கம்பி ஐந்தில் ஒரு பங்கு குட்டை. மின்தடை எட்டேமுக்கால் சொச்சம். ஆகவே மின்னோட்டம் இருபத்தைந்து.

"ஆஹா!" என்றாள் ஜுரேமா தண்ணீருக்கு அடியிலிருந்து. "என்னங்க இது, கல்யாணம் ஆனதிலேருந்து இவ்ளோ சூடா நான் குளிச்சதே இல்ல!"

முப்பத்தொரு வருஷத்தில் ஓம் விதியைக் கேட்டு ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவியாகக்கூட இருக்கலாம்.

செய்தி படிக்கட்டு வழியாகப் பரவியது. கீழ்வீட்டு இறைச்சிக்கடைக்காரர் அடெமார், கையில் தம் வீட்டுக் கம்பியோடு முதலில் வந்தார். இரண்டாம் மாடி ஒடெட்டே, தன் கம்பி அறுபடவே இல்லாவிட்டாலும், "நமக்கும் அந்த விஞ்ஞானத்தைக் கொஞ்சம் பண்ணி விடுங்க சார்" என்று கிண்ணத்தையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே வாரத்தில் எட்டு வீட்டிலும் கம்பி குட்டையானது. மூன்றாம் மாடி இடதுபக்க வீட்டுக்காரனும் வரிசையில் நின்றான். அவன்தான் இதை எழுதுகிறான். அவன் தன்னடக்கம் காரணமாகக் கதைக்குள் இனி அதிகம் வரமாட்டான்.

குட்டைக் கம்பிக்கு வேலை அதிகம், ஆயுசு கம்மி. பத்தே நாளில் மறுபடி அறுந்தது, இந்தத் தடவை நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி. பேராசிரியர் அசரவில்லை. சின்னத் துண்டைத் தூக்கிப் போட்டார், பெரிய துண்டை மாட்டினார். முதலில் இருந்த நீளத்தில் சரிபாதி மிச்சம். கண்ணாடியில் எழுதினார்: ஐந்தரை ஓம், நாற்பது ஆம்பியர். மற்ற ஏழு வீட்டுக்கும் அதே வைத்தியம் நடந்தது. தண்ணீர் கொதித்து வந்தது. அடெமார் அதில் முட்டை அவித்துப் பார்த்ததாகச் சொன்னார். ஆனால் ஒரு நிமிஷம்தான். அதற்குள் கீழே மெயின் பெட்டியில் அந்தந்த வீட்டு ட்ரிப் சுவிட்ச் 'டக்' என்று விழுந்துவிட்டது. தூக்கி விட்டால் மறுபடி விழுந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் தலையில் நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு, கீழே இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார்கள்.

தலைவர் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார்.

எங்கள் பொதுக்கூட்டத்துக்குச் சட்டப்படி இரண்டு அழைப்பு உண்டு. முதல் அழைப்பு ஏழு மணிக்கு. அதற்குப் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். யாரும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டாம் அழைப்பு ஏழரைக்கு. அதற்கு வந்தவர்கள் வந்ததுதான் கணக்கு. பேராசிரியர் ஏழு மணிக்குக் காலியான கூடத்தில் எழுந்து நின்று, "முதல் அழைப்பு" என்று சுவருக்கு அறிவித்துவிட்டு, அரைமணி நேரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். ஏழரைக்கு எட்டு வீடும் வந்தது. இது புதுச் சரித்திரம். வெந்நீர் என்றால் சும்மாவா?

"நண்பர்களே," என்றார் பேராசிரியர். கரும்பலகையைத் தம் பள்ளியிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார். "மின்னழுத்தம் அரசாங்கத்தின் கையில் இருக்கு. அதை நாம கூட்ட முடியாது. ஆனா மின்தடை நம்ம கையில் இருக்கு! அதைப் பாதியாக் குறைச்சா மின்னோட்டம் இருமடங்காகும். இது இயற்கை நமக்குத் தந்த ஜனநாயக உரிமை."

கைதட்டல்.

"அப்ப அந்த சனியன் பிடிச்ச சுவிட்ச் ஏன் சார் விழுது?" என்றார் அடெமார்.

"அது இருபத்தஞ்சு ஆம்பியர் சுவிட்ச். நாற்பதைப் பார்த்தா பயப்படுது."

"பயந்தாங்கொள்ளியை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கோம்?"

"அதான் என் முன்மொழிவும். ஐம்பது ஆம்பியர் சுவிட்சா மாத்திடலாம்."

கைதட்டல் மறுபடி. கரும்பலகையில் கணக்கு முழுசும் இருந்தது. ஒரு பிசகும் இல்லை. மூன்றே எழுத்துச் சூத்திரம்: மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை. சுவருக்குள் நாற்பது வருஷமாக ஒளிந்து கிடக்கிற ஒயருக்கு அதில் எழுத்து எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒடெட்டேதான் கெடுத்தாள். "எதுக்கும் அந்த நெய்வாவை ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கச் சொல்லலாமா சார்? என் தம்பி வீட்டுக்கு அவதான் ஒயரிங் பண்ணா. நல்லாப் பண்ணியிருக்கா."

பேராசிரியரின் முகம் சுண்டிவிட்டது. "தேவையில்ல. இது விஞ்ஞானப் பிரச்சினை, ஒயர்காரங்க பிரச்சினை இல்ல."

விஷயம் இதுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் நெய்வா அவருடைய மாணவி. கடைசித் தேர்வில் அவர் கேட்டிருந்தார்: 'மின்னழுத்தம் மாறாதிருக்க, மின்தடையைப் பாதியாகக் குறைத்தால் என்ன நிகழும்?' மற்றவர்கள் எல்லோரும் சூத்திரம் எழுதி, 'மின்னோட்டம் இருமடங்காகும்' என்று முடித்திருந்தார்கள். நெய்வா மட்டும் எழுதியிருந்தாள்: 'ஒயர் உருகும். வீடு நாறும். அம்மா கத்துவாங்க.' பேராசிரியர் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். முட்டை போட்டார். அவள் வந்து, "நான் எழுதினது தப்பா சார்?" என்று கேட்டாள். "தப்பில்ல, சூத்திரம் இல்ல" என்றார். அந்த ஒரு கேள்வியால் அவள் ஃபெயில். இப்போது பக்கவாட்டில் தன் பெயர் எழுதிய வேனில், பாதி ஊருக்கு ஒயர் இழுத்துக்கொண்டு திரிகிறாள். ரொட்டிக்கடையில் பார்த்தால், "வணக்கம் சார்" என்கிறாள், மரியாதையாக. அந்த மரியாதைதான் அவருக்குத் தாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டால், அந்தப் பழைய கேள்வியை அவர் அவளிடமே கேட்ட மாதிரி ஆகிவிடும். அதற்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சாகலாம்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பேராசிரியர் தம் கையாலேயே எட்டு சுவிட்சையும் மாற்றினார். பயந்தாங்கொள்ளிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போடப்பட்டன. புது சுவிட்சுகள் விழவே இல்லை. கட்டிடத்தில் ஆனந்தம் பொங்கியது. ஒடெட்டே இன்னொரு யோசனை சொன்னாள்: இவ்வளவு பெரிய சேவைக்கு மெயின் பெட்டியின் கதவில் பித்தளையில் ஒரு பலகை வைக்காவிட்டால் நாம் மனிதர்களே இல்லை. வாசகத்தைத் தலைவரே அடக்கத்தோடு எழுதிக் கொடுத்தார். திறப்பு விழா சனிக்கிழமை காலை பதினோரு மணி.

ஜுரேமாவுக்கு மட்டும் மூக்கு சரியாக வேலை செய்தது.

"சுவர்லேருந்து பிளாஸ்டிக் கருகுற வாடை வருதுங்க."

"புது சுவிட்ச். பெயின்ட் வாடை."

"சுவரைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருக்கு."

"குளிர்காலத்துல சுவர் வெதுவெதுன்னு இருந்தா நல்லதுதானே ஜுரேமா?"

அவள் இடுப்பில் கைவைத்தாள். "இதோ பாருங்க. எனக்கு வெந்நீர் பிடிக்கும். முட்டிவலிக்கு இதமா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எரிஞ்சு சாகப் பிடிக்காது. சனிக்கிழமைக்குள்ள நெய்வாவைக் கூப்பிடுறீங்க. இல்லேன்னா நான் பெட்டியைத் தூக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"கூப்பிட்டு என்னன்னு கேக்குறது? எனக்குத் தெரியலைன்னா?"

"ஆமா. அப்படியே கேளுங்க. வாய் கழண்டு விழுந்துடாது."

பேராசிரியர் மூன்று தடவை போனைக் கையில் எடுத்தார். மூன்று தடவையும் பலகையின் வாசகத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க நினைவு வந்து, போனை வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை ஜுரேமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவர் படிக்கட்டு வரை பின்னாலேயே போனார். ஆனால் விழா இருந்தது. தலைவர் என்றால் சும்மாவா?

விழா மிகச் சிறப்பாக நடந்தது. ஒடெட்டே மசாலா போட்டுச் சுடவைத்த ஒயினும், அவித்த பைன் கொட்டையும் கொண்டுவந்து வைத்தாள். பேராசிரியர் துணியை விலக்கினார். பித்தளை பளபளத்தது:

'இப்பெட்டியிலுள்ள வேலைகள் அனைத்தும், எட்டு வீட்டாரும் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டதன் பேரில், பேராசிரியர் எவிலாசியோ யாருடைய உதவியுமின்றித் தம் கையாலேயே செய்தவை.'

"வெறும் பலகையைத் திறந்தா போதுமா?" என்றார் அடெமார். "கட்டிடத்தையே திறக்கணும் சார். நான் விசில் அடிக்கறேன், எட்டு வீட்லயும் ஒரே நேரத்துல 'குளிர்'ல வெச்சு வெந்நீரைத் திறக்கணும். ஊரே பேசும்!"

எங்கள் நாட்டில் திறப்பு விழா என்றால் எதையாவது நிஜமாகவே திறந்தாக வேண்டும். வீட்டுக்கு ஒருவர் ரப்பர் செருப்போடு மேலே ஓடினோம். ஜுரேமா இல்லாத தலைவர் வீட்டுக்கு அடெமாரின் மகன் ஓடினான். பேராசிரியர் பெட்டியின் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விசில் ஒலித்தது. எட்டுக் குளியலறையிலிருந்தும் ஆவி கிளம்பி மாடிப்படி நிறைந்தது. மேலேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பேராசிரியர் தம் வாழ்க்கையிலேயே மிக நல்ல இரண்டு நிமிஷத்தை அனுபவித்தார்.

மூன்றாவது நிமிஷத்தில் ஒடெட்டே மூக்கைச் சுளித்தாள். "ஐயையோ, பைன் கொட்டை அடிப்பிடிச்சுட்டுது!"

"அடுப்புதான் அணைச்சிருக்கே," என்றார் அடெமார்.

பெட்டியின் இடுக்கிலிருந்து கறுப்புப் புகை வந்தது. 'சடசட' என்று சத்தம். சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, மாடி மாடியாக மேலே ஏறியது. புதிய வீர சுவிட்சுகள் எட்டும் இம்மிகூட அசையாமல், விறைப்பாக நின்றன. பேராசிரியர் சூத்திரத்தைத் தேடினார். அது வாய்க்கு வந்தது, கைக்கு வரவில்லை.

"சார், தள்ளுங்க! தொடாதீங்க!"

தெருவிலிருந்து நெய்வா ஓடிவந்தாள். அவள் பின்னால் பெட்டியும் கையுமாக ஜுரேமா. தங்கச்சி வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த வேனின் பெயர்ப்பலகை அவள் கண்ணில் பட்டிருந்தது. நெய்வா கட்டிடத்துக்குள்ளேயே நுழையவில்லை. வெளிச்சுவரில் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த மெயினை இறக்கினாள். சத்தம் நின்றது. புகை மட்டும் யோசித்துக்கொண்டே வந்தது.

மேலேயிருந்து துண்டும் நுரையுமாகப் பலரும் இறங்கி வந்து, உறைபனியில் வரிசையாக நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாட்டுதான் பாதியில் நின்றுபோனது.

தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒயர்கள் தாரைப்போல் வழிந்து கிடந்தன. "இருபது ஆம்பியர் போற ஒயர்ல நாற்பது விட்டிருக்காங்க," என்றாள் நெய்வா. "வீட்டுக்கு வீடு. எட்டும் ஒரே நேரத்துல. பழைய சுவிட்ச் பயந்தெல்லாம் விழல சார். இந்த ஒயரைக் காப்பாத்தத்தான் விழுந்துச்சு."



"யார் பண்ணது இதை?" என்று அதிகாரி குரலை உயர்த்தினார். எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கூட்டம் நடந்ததாகவே அடெமாருக்கு ஞாபகம் இல்லை. ஒடெட்டே தனக்கு வெந்நீரே ஒத்துக்கொள்ளாது என்றாள். மூன்றாம் மாடி இடதுபக்க வீட்டுக்காரன், தான் அன்று கையெழுத்துப் போட்டது வேறு தீர்மானம் என்று நினைவுகூர்ந்தான்.

அதிகாரி கதவைச் சாத்தினார். பலகை கண்ணில் பட்டது. மெதுவாக, முழுசாகப் படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல," என்றார், "குற்றவாளியைத் தேடி நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். தானே ஒத்துக்கிட்டு, பேர் போட்டு, உடந்தையா இருந்த எட்டு வீட்டையும் சேர்த்துப் பித்தளையில எழுதி, ஸ்க்ரூ அடிச்சு வெச்ச கேஸை இன்னைக்குத்தான் பாக்கறேன். ரொம்ப நன்றி."

எட்டு வீட்டாரும் ஒருமனதாகப் பேராசிரியரை முறைத்தோம். பழைய சுவிட்சுகளைவிடச் சீக்கிரம் நாங்கள் விழுந்துவிட்டோம்.

ஜுரேமா அவர் பக்கத்தில் வந்து பெட்டியைக் கீழே வைத்தாள். "இப்பவாவது கேளுங்களேன்," என்றாள் தாழ்ந்த குரலில்.

அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். "தலைவர் நீங்கதானே? சம்பவத்துக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. சுருக்கமா எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பேராசிரியர் பேனாவை வாங்கினார். பழக்கதோஷத்தில் மின்னழுத்தம் என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். அடித்தார். நெய்வாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நெய்வா," என்றார். "எனக்குத் தெரியலம்மா. மின்தடையைப் பாதியாக் குறைச்சா என்ன ஆகும்?"

அவள் கையுறையைப் பைக்குள் செருகினாள். பிறகு சொன்னாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதிகாரி உரக்கப் படித்தார்:

"'ஒயர் உருகும். வீடு நாறும். அம்மா கத்துவாங்க.' அடேயப்பா! என்ன நடந்துச்சோ அப்படியே இருக்கே! ஒரு வார்த்தை கூடல, ஒரு வார்த்தை குறையல. இதைப் பரீட்சையில எழுதியிருந்தா எத்தனை மார்க் போட்டிருப்பீங்க, வாத்தியாரே?"

"போட்டேன்," என்றார் பேராசிரியர். "முட்டை."

அதிகாரி கருகிய பெட்டியைப் பார்த்தார், பித்தளைப் பலகையைப் பார்த்தார், துண்டு கட்டி நடுங்கிக்கொண்டிருந்த எங்கள் எட்டு வீட்டையும் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.